பகலில் தூங்குகிறவளின் கணக்கு

ஒலவக்கோடு ஜங்ஷனுக்குப் பின்னால்
மூன்றாம் மாடி. அதற்கு மேல் மொட்டைத் தளம்.
இரவெல்லாம் கஞ்சிக்கோட்டில்
பாட்டில் மூடிகளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்து
கோணலைப் பொறுக்கிப் போட்டுவிட்டு
காலை எட்டரைக்கு வந்து படுக்கிறேன்.
எல்லோருக்கும் வெயில் தெருவில்.
எனக்கு
கட்டிலுக்கு ஒன்பதடி மேலே.

பதினொரு மணிக்குத் தளம் விழித்துக்கொள்ளும்.
மின்விசிறி அந்தச் சூட்டைக்
கரண்டி கரண்டியாய் அள்ளி முகத்தில் பரிமாறும்,
போதும் என்று இலையை மூடினாலும் கேட்காத பந்திக்காரன் போல.

மார்ச் முதல் வாரம் மயில்சாமி
பழைய டைரி ஒன்றை எடுத்துப்
பின்பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினான்.

ஏசி. செகண்ட் ஹேண்ட், ஒரு டன், பதினாலாயிரம்.
உக்கடத்துக் கடைக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்:
"வாளையாறு தாண்டினா வாரண்டி கிடையாதுங்க."
மணிக்கு ஒரு யூனிட், ஆறு மணி நேரத் தூக்கம்,
ஓனரின் சப்-மீட்டரில் யூனிட் பத்து ரூபாய்.
ஐந்நூற்று இருபதுக்கு விழித்திருக்கிறவள்
அறுபதுக்குத் தூங்கலாம், தப்பில்லை என்றான்.
அச்சுதன்குட்டி மேலேறி வந்து
பிளக்கைத் தொட்டுக் காட்டினார்.
இஸ்திரிப் பெட்டிக்கே கருகிப்போன வாய்.
"ஏசி பற்றில்லா. வயரிங் பழயதாணு."
மயில்சாமி அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை,
குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டான்.

கூலர்.
கீழ்வீட்டு மெஹருன்னிசா தன்னுடையதை
இரண்டு நாள் வைத்துப் பாரு என்று தந்தாள்.
கணவாய் வழியே வறண்ட காற்று வரும்வரை அது ராஜா.
மேற்கே திரும்பிவிட்டதா,
நனைந்த சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிற மாதிரி.
"போன ஏப்ரல்ல இருந்து வெங்காயம்தான் போட்டு வச்சிருந்தேன்" என்றாள்.
சொல்லியிருக்க வேண்டாம்.
முதல் காற்றே சொல்லிவிட்டது.

கடைசியில் சுண்ணாம்பு.
இரண்டு மூட்டை அறுநூற்று நாற்பது,
பசை நூற்று எண்பது, மட்டை தொண்ணூறு.
ஞாயிறு சாயங்காலம், செருப்பில்லாமல் நிற்க முடியாத தளத்தில்
எங்கள் வீடு எதுவரை என்று முதலில் அளந்தோம்.
உள்ளே கட்டிலிலிருந்து கதவுக்கு எட்டு எட்டு,
மேலேயும் எட்டு எட்டு.
கரித்துண்டால் எல்லை.
அதற்கு அந்தப் பக்கம் ஷிஜியின் வாடகை.

அடித்து முடித்தபோது ஒன்றரை வாளி மிச்சம்.
விடிவதற்குள் இறுகிவிடும், மூடி வைக்கவும் முடியாது.
கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்து
"உங்க கட்டில் எந்தப் பக்கம்?" என்று கத்தினேன்.
துணி மடித்துக்கொண்டிருந்தவள் யோசித்து
"ஜன்னலோரம், தலை கிழக்கே" என்றாள்,
ஏன் என்று கேட்காமல்.

மேம்பாலத்திலிருந்து பார்த்தால் இப்போது தெரியும்:
கறுத்த தளத்தில் ஒரு பெரிய வெள்ளை,
கொஞ்சம் தள்ளி
ஓர் ஆள் நீளத்துக்கு இன்னொரு வெள்ளை.

திங்கள் பகல் ஒன்றே முக்கால் வரை தூங்கினேன்.
முந்தின நாள் பன்னிரண்டே கால்.
விசிறி பரிமாறிக்கொண்டுதான் இருந்தது,
ஆனால் ஆறிப்போனதை.
டைரியில் "ஒன்றரை மணி நேரம்" என்று எழுதி
அடிக்கோடிட்டு வைத்திருந்தான்.

புதன்கிழமை அச்சுதன்குட்டி தளத்துக்கு வந்து
காலால் தேய்த்துப் பார்த்தார்.
"கொள்ளாமல்லோ" என்றார்.
படி இறங்கும்போது,
மேல்மாடி இப்போது கூலாகிவிட்டதால்
ஜூன் முதல் ஐந்நூறு கூடுதல் என்றார்.

ஜூனில் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிடும்.
அப்போது வெயிலும் இருக்காதே என்கிறான் மயில்சாமி.
வாடகை இருக்கும் என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் படுத்தேன்.
மணி பத்தரை.